பழைய திங்க்பேட் டி480: எஸ்எஸ்டி வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: எஞ்ஜினீயரிங் படிக்கும் மகளுக்காக ரீஃபர்பிஷ்டு லெனோவோ திங்க்பேட் டி480 ஒன்று வாங்கினோம். ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஃபேன் எந்நேரமும் இரைகிறது. பேட்டரி ஒன்றரை மணி நேரம்கூட நிற்பதில்லை. டைப்-சி சார்ஜரைச் செருகினால் சில சமயம் சார்ஜ் ஏறுகிறது, சில சமயம் ஏறுவதில்லை. 16 ஜிபி ரேமும் 1 டிபி ஜென்-4 எஸ்எஸ்டியும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பக்கத்துக் கடையில் சொல்கிறார்கள். போடலாமா? நாங்களே திறந்து மாற்ற முடியுமா? – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ரேம் போடலாம். எஸ்எஸ்டியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளில் ஒன்றுக்குக்கூட எஸ்எஸ்டி மருந்து இல்லை. சார்ஜ் விட்டுவிட்டு ஏறுவதுதான் இவற்றில் அவசரமானது. அதைத் தள்ளிப்போட்டால் செலவு மதர்போர்டு வரை போகலாம். அதைச் சோதிக்கவோ காசு எதுவும் வேண்டாம். அதனால் கடைக்காரரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கீழே உள்ளதை வரிசையாகச் செய்துபாருங்கள்.

முதலில் கையில் இருப்பது டி480தானா என்று உறுதிசெய்யுங்கள். லேப்டாப்பைக் கவிழ்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் மாடல் எண் 20எல்5 அல்லது 20எல்6 என்று தொடங்கினால் டி480. 20எல்7, 20எல்8 என்றால் அது டி480எஸ். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், உள்ளே வேறு மெஷின். அதில் ரேமின் ஒரு பகுதி போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், மாற்றிக்கொள்ள ஒரே ஒரு ஸ்லாட். பின்பக்கம் கழற்றும் பேட்டரியும் கிடையாது. நான் கீழே எழுதுவது டி480-க்கு.

அடுத்து பிராசஸர். ‘ஐ5’ என்பது மட்டும் போதாது. டி480-இல் ஐ5-8250யு, ஐ5-8350யு என்ற எட்டாம் தலைமுறைச் சிப்புகளும் வந்தன. ஐ5-7200யு, ஐ5-7300யு என்ற ஏழாம் தலைமுறையும் வந்தது. முதல் வகையில் நான்கு கோர், இரண்டாவதில் இரண்டே கோர். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் இன்டெல் பட்டியல், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்களுடையது ஏழாம் தலைமுறை என்று தெரிந்தால், மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடப் போடாமல், வாங்கிய கடையிலேயே மாற்றித் தரக் கேளுங்கள்.

அதே கையோடு மெஷினை ஆன் செய்து, லெனோவோ லோகோ தெரியும்போது எஃப்1 விசையைத் தட்டிப் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அடிப்படை செட்டிங் திரை) போங்கள். பாஸ்வேர்டு கேட்கிறதா? கேட்டால் அது பழைய கம்பெனி வைத்த சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. அதை மறந்துவிட்டால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் அதிகாரபூர்வ பதில். அப்படிப்பட்ட மெஷினையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘விண்டோஸ்தான் ஓடுகிறதே’ என்று விட்டுவிட்டால், நாளை பயாஸில் ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டி வரும்போது கை கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும்.

இப்போது சார்ஜ் விஷயம். டி480-இன் இடப்பக்கம் இரண்டு டைப்-சி துளைகள் உண்டு. இரண்டிலும் சார்ஜ் ஏறும். மின்னல் குறி போட்டது தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்புக்கான துளை. இந்தத் தண்டர்போல்ட் சிப்பை இயக்கும் ஃபர்ம்வேரில், அதாவது சிப்புக்கென்றே பதிந்துவைத்த மென்பொருளில், ஆரம்பத்தில் ஒரு கோளாறு இருந்தது. தனக்கென்று இருக்கும் சின்ன ஃபிளாஷ் மெமரியில் அது ஓயாமல் பதிவு எழுதிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் எழுதி எழுதி அந்த இடம் நிறைந்ததும் சிப் தடுமாறத் தொடங்கும். டைப்-சியில் மானிட்டர் வராது, எச்டிஎம்ஐ வேலை செய்யாது, சார்ஜ் ஏறாது, கடைசியில் பயாஸிலும் டிவைஸ் மேனேஜரிலும் தண்டர்போல்ட்டே காணாமல் போகும். டி480 மட்டுமல்ல, அந்தக் காலகட்டத்தில் வந்த பல திங்க்பேட் மாடல்களில் இது இருந்தது. லெனோவோவே இதற்கு அவசர அப்டேட் வெளியிட்டது. ரீஃபர்பிஷ் செய்து விற்பவர்களில் பலர் விண்டோஸை மட்டும் புதிதாக ஏற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லெனோவோ சப்போர்ட் தளத்தில் உங்கள் சீரியல் எண்ணைக் கொடுத்து, தண்டர்போல்ட் டிரைவரை முதலிலும் அதன் ஃபர்ம்வேரை அடுத்தும் இறக்கி நிறுவுங்கள். சார்ஜர் செருகியிருக்கட்டும், பேட்டரியிலும் பாதிக்கு மேல் இருக்கட்டும். இங்கே அது இரட்டிப்பு முக்கியம், ஏனென்றால் உங்கள் சார்ஜ் நம்பும்படி இல்லை. ஃபர்ம்வேர் ஏறும்போது மூடியைச் சாத்துவதோ, பட்டனை அழுத்துவதோ கூடாது. சிப் ஏற்கெனவே செயலிழந்திருந்தால் அப்டேட் உள்ளே போகாது. அப்போது அந்த ஃபிளாஷ் சிப்பை புரோகிராமர் வைத்து மறுபடி எழுத வேண்டும். சிப்-லெவல் சர்வீஸ் செய்பவர்கள் அதைச் செய்வார்கள். ‘போர்டு போச்சு’ என்று சொல்லும் முதல் கடையை நம்பி போர்டு மாற்றிவிடாதீர்கள்.

ஃபர்ம்வேர்தான் குற்றவாளி என்று முன்கூட்டியே முடிவுகட்டவும் வேண்டாம். கேபிளை இரு விரலால் லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது சார்ஜ் விளக்கு அணைந்து எரிந்தால் துளைதான் தளர்ந்திருக்கிறது. டி480-இல் டைப்-சி துளை போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. கேபிளைச் செருகியபடியே மெஷினைத் தூக்கி நடந்தவர்கள் கையில் அது சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும். துளைக்குள் டார்ச் அடித்துப் பஞ்சு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மெஷினை அணைத்து, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம், ஊசி வேண்டாம். அசைத்தாலும் மாற்றமில்லை, மின்னல் குறித் துளையில் மட்டும் ஏறவில்லை, மற்றதில் ஒழுங்காக ஏறுகிறது என்றால் சந்தேகம் தண்டர்போல்ட் பக்கம் திரும்பும். இரண்டிலும் தகராறு என்றால் சார்ஜரைச் சோதியுங்கள். இதற்கு வேண்டியது 20 வோல்ட் தரும் 45 அல்லது 65 வாட் அடாப்டர். போன் சார்ஜர் பலவற்றில் 20 வோல்ட் வராது.

இன்னொரு சுலபமான சோதனை உண்டு. அடிப்பக்கத்தில் குண்டூசித் துளை அளவில் ஒரு ரீசெட் துளை இருக்கும். சார்ஜரைப் பிடுங்கி, பின்பேட்டரியைக் கழற்றி, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் அதற்குள் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். ஒரு நிமிடம் விட்டு எல்லாவற்றையும் மாட்டுங்கள். சார்ஜ் கன்ட்ரோலர் குழம்பிப்போயிருந்தால் இதிலேயே தெளிந்துவிடும்.

பேட்டரியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் மெஷினில் இருப்பது இரண்டு பேட்டரி. உள்ளே 24 வாட்-அவர் ஒன்று, பின்னால் தாழ்ப்பாளைத் தள்ளிக் கழற்றக்கூடியது ஒன்று. பின்னால் உள்ளது 24, 48, 72 வாட்-அவர் என மூன்று அளவில் கிடைக்கும். பின்பேட்டரி முதலில் தீரும், பிறகுதான் உள்பேட்டரி வேலைக்கு வரும். லெனோவோ வான்டேஜ் செயலியை நிறுவி, பவர் பகுதியில் இரண்டின் விவரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். டிசைன் கொள்ளளவு எவ்வளவு, இப்போது முழுதாக ஏறினால் எவ்வளவு என்று அது காட்டும். பிரவுசர், எழுத்து வேலைக்கு மெஷின் 7 வாட் அளவில் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நல்ல நிலையில் உள்ள 24 வாட்-அவர் பேட்டரி ஒன்றே மூன்று மணி நேரத்துக்கு மேல் தர வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒன்றரை மணி என்றால், பின்பேட்டரி செத்துப்போய் உள்பேட்டரி மட்டும் தள்ளாடிக்கொண்டிருக்கிறது என்றே தோன்றுகிறது.

அப்படியானால் பின்பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், மூடியைத் திறக்கவே வேண்டாம். கல்லூரிக்குத் தூக்கிச் செல்பவருக்கு 48 பொருத்தமான அளவு. 72 இன்னும் நீடித்து உழைக்கும். ஆனால் இரண்டுமே அடியில் புடைத்து நிற்கும், கனமும் கூடும். மாட்டிய பிறகு வான்டேஜில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வரம்பு வைத்துவிடுங்கள். ஹாஸ்டல் மேஜையில் நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கும் மெஷினுக்கு அது ஆயுளைக் கூட்டும். டச்பேட் திடீரென்று அழுத்த வராமல் போவது, அடிமூடி உப்பித் தெரிவது போன்ற அறிகுறி இருந்தால் உள்பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். உடனே மெஷினை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஃபேன் இரைச்சலுக்கும் ரேமுக்கும் மூடியைத் திறந்தாக வேண்டும். நீங்களே செய்யலாம். பிரித்து வேலை பார்க்க எளிதான மெஷின்களில் இதுவும் ஒன்று. ஸ்க்ரூ கழற்றும் முன் பயாஸுக்குள் போய், கான்ஃபிக் பகுதியில் பவர் பிரிவில் ‘டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெஷின் அணைந்துவிடும், உள்பேட்டரியிலிருந்து போர்டுக்கு மின்சாரம் போகாது. சார்ஜரை அதற்கு முன்பே பிடுங்கியிருக்க வேண்டும். வேலை முடிந்து பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, பயப்பட வேண்டாம். சார்ஜரைச் செருகினால்தான் உள்பேட்டரி மறுபடி விழிக்கும்.

பின்பேட்டரியைக் கழற்றிவிட்டு அடிமூடியின் ஸ்க்ரூக்களைத் தளர்த்துங்கள். அவை மூடியிலேயே தங்கும் வகை, தொலையாது. பிறகு பழைய ஏடிஎம் கார்டையோ பிளாஸ்டிக் பிக்கையோ ஓரத்தில் நுழைத்து ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிளிப் முறியும். மூடி வந்ததும் எந்த உலோகப் பகுதியையாவது ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஃபேனைச் சுற்றிப் பார்த்தால் தூசி அதிகம் இல்லாததுபோல் இருக்கும். ஏமாந்துவிடக் கூடாது. தூசி சேர்வது ஃபேனுக்கும், சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில். அங்கே சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல் ஒரு பட்டை படிந்து காற்றையே மறித்திருக்கும். ப்ளோயரை வெளித்துளையிலிருந்து உள்நோக்கி அடித்தால் அது பெயர்ந்து வரும். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பேரிங் கெடும்.

சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதா? தூசி எடுத்தும் இரைச்சல் குறையவில்லை என்றால் மட்டும். ஹீட்சிங்கை எடுத்து, காய்ந்து வெடித்த பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பளபளவென்று துடைத்து, சிப்பின் முகம் மூடுமளவுக்கு மெல்லியதாகப் புதியதைப் பூசுங்கள். ஸ்க்ரூக்களின் அருகே எண் பொறித்திருந்தால் அந்த வரிசையில், இல்லையென்றால் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஃபேன் வயரைக் கழற்றும்போது கனெக்டரைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரை அல்ல.

ரேமுக்கு வருவோம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். இரண்டில் ஒன்றுதான் என்றால், இன்னோர் 8 ஜிபி டிடிஆர்4 லேப்டாப் ரேம் வாங்கினால் போதும். இந்த மெஷின் ஓடுவது 2400 வேகத்தில். கடையில் 2666-ஓ 3200-ஓதான் கிடைத்தாலும் வாங்கலாம், அது 2400-க்கு இறங்கி ஓடும். இரண்டு ஸ்லாட்டும் நிரம்பினால் ரேம் இரட்டைச் சேனலில் வேலை செய்யும். இதில் தனி கிராஃபிக்ஸ் இல்லையென்றால், திரைக்கான வேலையும் இதே ரேமில்தான் நடக்கிறது. அதனால் கேட் (CAD) எனும் வரைபட மென்பொருள் ஓட்டும் எஞ்ஜினீயரிங் மாணவிக்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ரேமைச் சாய்வாகச் செருகி, இரு பக்கக் கிளிப்பும் ‘டக்’ என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள். முதல்முறை ஆன் செய்யும்போது திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருக்கலாம். ஒரு நிமிடம் பொறுங்கள்.

எஸ்எஸ்டி. கடைக்காரர் சொன்ன ஜென்-4 இதில் வேலை செய்யும், ஆனால் அதன் வேகம் உங்களுக்குக் கிடைக்காது. ஜென்-4 என்பது பிசிஐஇ எனும் டேட்டா பாதையின் நான்காம் தலைமுறை; டி480-இன் டிரைவ் இடத்துக்கு வருவதோ பிசிஐஇ 3.0-இன் (ஜென்-3) இரண்டே லேன், அதாவது இரண்டே தடங்கள். மிஞ்சிப்போனால் நொடிக்கு 1,700 எம்பி அளவில் நின்றுவிடும். ஜென்-3 எஸ்எஸ்டியே அதைத் தாண்டக்கூடியது. விலை வித்தியாசம் இருந்தால் ஜென்-4 வேண்டாம். இன்னொன்று, உங்களிடம் இருக்கும் 256 எந்த வகை என்று மூடியைத் திறக்கும்போதே பாருங்கள். 2.5 அங்குல சாட்டா (பழைய, வேகம் குறைந்த இணைப்பு) டிரைவாக இருந்தால், பிசிஐஇ வழியே ஓடும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போட அடாப்டர் தட்டும் அதற்குரிய கேபிளும் சேர்த்து வாங்க வேண்டிவரும். 256 ஜிபி நிறைந்து தவிக்கும் வரை காத்திருக்கலாம் என்பது என் கருத்து. மாற்றும் நாளில், டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதன் ரெகவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

திரை என்ன ரெசல்யூஷன் என்று நீங்கள் எழுதவில்லை. ரீஃபர்பிஷ்டு டி480-களில் கணிசமானவை 1366×768 திரையோடு வருகின்றன. பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுத்துத் தெரியும், டிராயிங் திறந்தால் டூல்பாரே பாதியை அடைத்துக்கொள்ளும். உங்களுடையது அதுவானால், 1 டிபி எஸ்எஸ்டிக்கு ஒதுக்கிய பணத்தில் தொடுதிரை இல்லாத 14 அங்குல ஃபுல் எச்டி ஐபிஎஸ் பேனல் ஒன்றைப் போட்டுக்கொடுங்கள். கனெக்டர் பழைய பேனலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மற்றதை வீட்டிலேயே செய்தாலும், திரைச் சட்டத்தைப் பிரிக்கும் இந்த ஒரு வேலையை மட்டும் கடையிலேயே விட்டுவிடலாம்.