வேலை போன பிறகு என்ன படிப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: வேலை போய்விட்டது, என்ன படிக்கலாம்? என்ன வேலையில் இருந்தீர்கள், எத்தனை வருடம், எத்தனை மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று எழுதியவர்களுக்கு விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறேன். எழுதாதவர்களுக்கு அதற்கேற்ற நீளம்.

கே: இரண்டு வாரம் முன்பு ஆள்குறைப்பில் வேலை போனது. கொள்முதல் பிரிவில் பத்து வருடம் இருந்தேன். சும்மா இருக்கப் பயமாக இருக்கிறது. உடனே ஏதாவது ஒரு கோர்ஸில் சேர்ந்துவிடட்டுமா?

ப: வேண்டாம். முதலில் காகித வேலையை முடியுங்கள். பணிவிடுப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி சில மாதச் சம்பளச் சீட்டு, வரவேண்டிய பாக்கி, காப்பீடு எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரம் எல்லாவற்றையும் இப்போதே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்த ஹெச்ஆரே அங்கே இருக்க மாட்டார். கையெழுத்துக் கேட்டு எந்தத் தாளை நீட்டினாலும், வீட்டுக்கு எடுத்து வந்து படித்துவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் வேலை விளம்பரங்கள். உங்கள் பழைய பதவிக்கும் அதற்கு ஒரு படி மேலே உள்ள பதவிக்குமாக ஒரு 30 விளம்பரங்களை எடுங்கள். அவற்றில் கேட்கும் திறன்களை எக்செல்லில் வரிசையாகப் போட்டு, எது எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. 20 இடத்தில் வருகிற ஒன்று உங்களிடம் இல்லையென்றால் அதுதான் உங்கள் பாடத்திட்டம். இரண்டே இடத்தில் வருவதை விட்டுவிடுங்கள். பத்து வருடக்காரருக்கு வேலை தெரிந்துதான் இருக்கும். புதிய மென்பொருளோ, செலவுப் பகுப்பாய்வோ, ஒப்பந்த விஷயங்களோதான் பெரும்பாலும் இடிக்கும். முதலில் விளம்பரம், அப்புறம் கோர்ஸ். இதை இன்னும் சில முறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: எந்த கோர்ஸ் பெஸ்ட்? சீக்கிரம் சொல்லவும்.

ப: எதற்கு?

கே: எனக்கு 47 வயது. ஒரு மாதமாக எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்கும் கணினி மொழி) படிக்கிறேன். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, நான்கு நாளில் மறந்துவிடுகிறது. இந்த வயதில் இனி மண்டையில் ஏறாதா?

ப: வயதின் மேல் பழி போடாதீர்கள். ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹாஸ் தன்னையே சோதனைப் பொருளாக வைத்து மறதியை அளந்து 1885-இல் வெளியிட்டார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து பார்த்ததில், ஒரே நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அப்போது அவருக்கு முப்பதைச் சுற்றித்தான் வயது.

தப்பு படிக்கும் முறையில். 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 60 விழுக்காடு அளவுக்கு நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 40. வீடியோ பார்க்கும்போது "புரிகிறது" என்று தோன்றுகிறதே, அது அந்த ஐந்து நிமிடக் கணக்கு.

ஆகவே அரை மணி நேரம் பாருங்கள், மூடுங்கள், வெற்றுத் திரையில் அதே குவெரியை, அதாவது தகவல் கேட்கும் கட்டளையை, நீங்களே எழுதுங்கள். வராது, எரிச்சலாக இருக்கும், பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும், ஒரு வாரம் கழித்து மறுபடியும். சனிக்கிழமை மொத்தமாக ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட தினம் 45 நிமிடம் உட்காருவது நல்லது. எஸ்க்யூஎல்லை எதற்காக எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. விளம்பரங்களை எண்ணிப் பார்த்துத்தான் எடுத்தீர்கள் என்று நம்புகிறேன்.

கே: ஒரே சமயத்தில் நான்கு ஆன்லைன் கோர்ஸ் எடுத்திருக்கிறேன். எதுவுமே முடிய மாட்டேன் என்கிறது.

ப: மூன்றை மூடுங்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் 2012-இல் தொடங்கிய எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில், இந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் பாடங்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 2017-18-இல் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் ஏறக்குறைய 3 விழுக்காடு. பணம் கட்டிச் சான்றிதழ்ப் பிரிவில் சேர்ந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இலவசமாகப் பதிவு செய்வதற்குப் பெயர் படிப்பு இல்லை.

கே: ஆறு மாதப் பயிற்சி, "100 விழுக்காடு வேலை உத்தரவாதம்" என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. கட்டணம் அதிகம், ஆனால் தவணைக்கு அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். செட்டில்மென்ட் பணத்தில் பாதியைப் போடலாமா?

ப: இந்தக் கடிதம் ஏதோ ஒரு வடிவில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. உங்கள் மேல் இல்லை.

வேலை கொடுப்பது முதலாளி. பயிற்சி நிறுவனம் இன்னொருவருடைய நாற்காலிக்கு எப்படி உத்தரவாதம் தரும்? ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வருகைப் பதிவு ஒரு நாளும் குறையக் கூடாது, வாரத்துக்கு இத்தனை விண்ணப்பம் போட்டதற்கு ஆதாரம் வேண்டும், எந்த ஊருக்கும் போகச் சம்மதிக்க வேண்டும், முதலில் வருகிற வேலையை, சம்பளம் எதுவானாலும், மறுக்கக் கூடாது என்றெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். ஒன்று தவறினாலும் உத்தரவாதம் ரத்து. எல்லாவற்றையும் காப்பாற்றினாலும் சில இடங்களில் கட்டணம் திரும்ப வராது, இன்னொரு முறை பயிற்சியில் உட்காரலாம், அவ்வளவுதான்.

அடுத்து அந்த விழுக்காடு. எதில் எத்தனை என்று கேளுங்கள். 100 பேர் சேர்ந்து, 60 பேர் முடித்து, அதில் 30 பேரை மட்டும் "வேலைக்குத் தயாரானவர்கள்" என்று பிரித்து, அவர்களில் 27 பேருக்குக் கிடைத்தால் விளம்பரத்தில் 90 விழுக்காடு என்று போடலாம். சேர்ந்தவர்கள் கணக்கில் அது 27. பகுதிநேர வேலை, அதே நிறுவனத்திலேயே உதவிப் பயிற்றுநர் வேலை எல்லாம் "வேலை கிடைத்தது" பட்டியலில் ஏறிவிடும். இது என் கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024-இல் ஒரு கோடிங் பயிற்சி நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. வேலை கிடைத்தவர்கள் 71 முதல் 86 விழுக்காடு என்று விளம்பரம். உள்ளே அவர்களே வைத்திருந்த கணக்கில் 50 விழுக்காடு அளவுதான், சில குழுக்களுக்கு 30 வரை இறங்கியிருந்தது. வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் பங்கு கொடுத்தால் போதும், இது கடனே இல்லை என்று சொல்லி மாணவர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அது கடன்தான் என்று அந்த அமைப்பு தீர்மானித்தது.

அவர்களே ஏற்பாடு செய்யும் தவணையும் பெரும்பாலும் இப்படித்தான். பணம் கடன் நிறுவனத்திலிருந்து பயிற்சி நிறுவனத்துக்கு முதல் நாளே போய்விடும். நீங்கள் இரண்டாவது மாதம் வெறுத்து வெளியே வந்தாலும் கடன் உங்கள் பெயரில் ஓடும். வேலை போன மனிதனின் பயத்தைக் குறிபார்த்து விற்கிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "இன்றோடு சலுகை முடிகிறது" என்று இரவு ஒன்பது மணிக்கு போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

பயிற்சி தேவையே இல்லை என்று சொல்லவில்லை. போன வருடம் முடித்தவர்களில் மூன்று பேரை நீங்களாகத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். நிறுவனம் கைகாட்டும் மூன்று பேர் ஆகாது. பாதியில் விட்டால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள். அவர்கள் பாடத்திட்டத்தை உங்கள் 30 விளம்பரப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். செட்டில்மென்ட் பணத்தில் பாதியா? அது உங்கள் வீட்டுச் செலவு. தொடாதீர்கள்.

கே: 14 வருடம் கணக்குப் பிரிவு. எல்லாரும் டேட்டா சயின்ஸ் என்கிறார்கள். மாறிவிடலாமா?

ப: துறையையும் கருவியையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். இரண்டையும் மாற்றினால் 22 வயதுக்காரரோடு அதே வரிசையில் நிற்பீர்கள், அவர் உங்களைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வருவார். கணக்கிலேயே நின்றுகொண்டு பவர் குவெரி (எக்செல்லில் தரவைச் சீர்செய்யும் வசதி), எஸ்க்யூஎல், எண்களைப் படமாகக் காட்டும் ஒரு டாஷ்போர்டு கருவி என்று சேர்த்தால், எண்ணையும் தெரிந்து அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்த ஆளாக இருப்பீர்கள். அப்படிப்பட்டவர்கள் குறைவு. பைதான் மாதிரி நிரல்மொழியெல்லாம் அப்புறம். முதலில் விளம்பரங்களைப் பாருங்கள்.

கே: வேலை போனதை யாரிடமும் சொல்லவில்லை. நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அவர்களால் உதவ முடியவில்லை.

ப: முடியாதுதான். உங்களுக்குத் தெரிந்த அதே இடங்கள்தானே அவர்களுக்கும் தெரியும். சமூகவியலாளர் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எத்தனை தடவை சந்திப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்கள் எல்லாம் எப்போதாவது பார்க்கிறவர்கள், பார்த்தே வருடக்கணக்கானவர்கள். 2022-இல் லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்விலும் கொஞ்சம் விலகிய பழக்கங்களே கூடுதலாகக் கைகொடுத்தன, மிக மெல்லிய பழக்கங்கள் அவ்வளவாக இல்லை.

பழைய சக ஊழியர்கள், வேறு பிரிவில் இருந்தவர்கள், சப்ளையர் பக்கத்து ஆட்கள் என்று பட்டியல் போட்டு வாரத்துக்கு ஐந்து பேருக்கு எழுதுங்கள். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதாதீர்கள், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "உங்கள் நிறுவனத்தில் இந்தப் பிரிவில் இப்போது எந்தத் திறனுக்கு ஆள் தேடுகிறார்கள், 15 நிமிடம் பேசலாமா?" என்று கேளுங்கள். படிக்க வேண்டியதும் இந்தப் பேச்சில்தான் தெரியவரும், விளம்பரத்தில் வருவதற்கு முன்பே.

கே: எட்டு மாத இடைவெளியை ரெஸ்யூமேயில் மறைக்கலாமா? பழைய வேலையின் முடிவுத் தேதியைக் கொஞ்சம் நீட்டினால் போதும் என்கிறான் தம்பி.

ப: தம்பி பேச்சைக் கேட்காதீர்கள். பின்னணிச் சோதனையில் முதலில் பார்ப்பதே தேதிகளைத்தான். இடைவெளி பாதிக்கும் என்பது உண்மை. அமெரிக்காவில் சுமார் 12,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில்லாத மாதங்கள் கூடக் கூட இன்டர்வியூ அழைப்பு குறைந்தது. முதல் எட்டு மாதத்தில்தான் அந்தச் சரிவு அதிகம். "ஆள்குறைப்பு" என்று ஒரு வரி, அதன் கீழே இந்த மாதங்களில் செய்த ஏதாவது ஒன்று: சிறு நிறுவனத்துக்குச் செய்துகொடுத்த வேலை, முடித்த ஒரு புராஜெக்ட். தேதியோடு போடுங்கள்.

கே: ஏஐ எல்லாவற்றையும் செய்துவிடும்போது எதற்குப் படிக்க வேண்டும்?

ப: அது செய்தது சரியா என்று பார்க்க.

கே: நான்கு மாதமாக வீட்டில். காலையில் எழுந்தால் பழைய மேனேஜர் மேல் கோபம்தான் வருகிறது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை.

ப: அந்தக் கோபத்தை எழுதுங்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், வேலை போன அறுபதுக்கும் மேற்பட்ட எஞ்சினியர்களில் ஒரு குழுவினரை, வேலை போனது பற்றிய உணர்வுகளை ஐந்து நாள், தினம் 20 நிமிடம் எழுத வைத்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. கூடுதலாக விண்ணப்பித்தார்களா என்றால் அதுவும் இல்லை. உள்ளே இருந்த கசப்பு இன்டர்வியூவில் வெளியே வழியவில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லும் விளக்கம். சின்ன ஆய்வுதான், ஆனால் செலவில்லாதது. எழுதியதை யாருக்கும் அனுப்பாதீர்கள், முக்கியமாக மேனேஜருக்கு. தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் டாக்டரைப் பாருங்கள். கோர்ஸ் காத்திருக்கும்.

கே: புது வேலை கிடைத்துவிட்டது! இனி படிப்பை நிறுத்தலாமா?

ப: வாழ்த்துகள். முதல் மூன்று மாதம் வெளிப் படிப்பு வேண்டாம், அந்த இடத்தைப் படியுங்கள். அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை உங்கள் பதவிக்கான விளம்பரங்களை எடுத்து மறுபடியும் எண்ணுங்கள். போகும் எண்ணம் இல்லாவிட்டாலும்தான்.

கே: ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லவும்.

ப: ஏழு பக்கம். முதல் பக்கம் முழுக்க "கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துழைப்பவர்" என்றுதான் இருக்கிறது; என்ன வேலை பார்த்தீர்கள் என்பது நான்காம் பக்கத்தில் வருகிறது. சான்றிதழ்கள் மட்டும் 19. உங்கள் துறைக்குப் பொருந்தும் மூன்றை வைத்து, மற்றதை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமாக்கி அனுப்புங்கள். அப்போது பார்க்கிறேன்.