கன்சோலில் கேம் போட்டால் காசு வருமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன மாதம் மதுரையில் ஒரு கல்லூரியில் கேம் தயாரிப்பைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். எஸ்.எஸ். காலனியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை செய்கிறவன் நான். அந்தப் பேச்சுக்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கிராஃபிக்ஸைப் பற்றியே இல்லை, எல்லாம் காசைப் பற்றித்தான். கன்சோல் (டிவியில் இணைத்து கேம் விளையாடும் பெட்டி) செய்யும் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளியாட்கள் அந்தப் பெட்டிக்கு ஏன் கேம் செய்து கொடுக்கிறார்கள், அதில் என்ன மிஞ்சும் என்பதைச் சுற்றியே வந்தன. வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கன்சோலை அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா? எந்த வியாபாரியாவது அப்படிச் செய்வானா?
(திருமங்கலம், மொபைல் கடை வைத்திருப்பவர்)

எல்லாக் கம்பெனியும் எப்போதும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் செய்வது உண்மை. ஃபோர்ட்நைட் கேமைச் செய்த எபிக் கம்பெனி ஆப்பிள் மேல் போட்ட வழக்கு 2021 மே மாதம் விசாரணைக்கு வந்தது. அதில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் அதிகாரி லோரி ரைட் சாட்சிக் கூண்டில் நின்று, கன்சோல் விற்பனையில் நாங்கள் லாபம் பார்த்ததே இல்லை என்று சொன்னார். சோனியும் 499 டாலர் பிளேஸ்டேஷன் 5 இனி நஷ்டத்துக்கு விற்கப்படவில்லை என்று 2021 ஆகஸ்டில்தான் சொன்னது. கன்சோல் கடைக்கு வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. விட்ட காசை ஒவ்வொரு கேம் விற்கும்போதும் வாங்கும் பங்கில் எடுக்கிறார்கள்.

இதை வெளி டெவலப்பர், அதாவது கேம் செய்யும் வெளியாள், கண்ணால் பாருங்கள். தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி நடக்கிறது. கொட்டகை, சீரியல் லைட், ராட்டினம் எல்லாம் நடத்துகிறவர் செலவு. டெல்லி அப்பளம் போடுகிறவர் சட்டியும் எண்ணெயும் கொண்டுவந்தால் போதும், கூட்டம் தயாராக நிற்கும். பொருட்காட்சியில் ஸ்டால் வாடகையை முன்னாலேயே கட்ட வேண்டும். இன்று கன்சோலுக்குள்ளேயே இருக்கும் ஆன்லைன் கடையிலோ உங்கள் கேம் விற்ற பிறகுதான் பங்கு எடுப்பார்கள். உங்களுக்கு வியாபாரம் ஆகாவிட்டால் அவர்களுக்கும் இல்லை. நஷ்டத்துக்கு ஒரு பெட்டியை விற்றவனுக்கு உங்கள் கேம் ஓடியாக வேண்டும். வெளியாட்களுக்குத் தைரியம் கொடுப்பது அதுதான்.

ஆண்ட்ராய்டில் 15 சதவீதம்தான் பிடிக்கிறார்கள். கன்சோலில் 30. பிறகு எதற்கு சார் கன்சோல்?
(திருப்பரங்குன்றம், கணினி அறிவியல் மாணவர்)

கணக்கு சரி. 2021 ஜூலை முதல் கூகுள் பிளே வருஷத்தின் முதல் 10 லட்சம் டாலர் வருமானத்துக்கு 15 சதவீதம்தான் எடுக்கிறது. ஆனால் சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்னால், எதில் சதவீதம் என்று பாருங்கள் தம்பி. மொபைலில் கேமை இலவசமாகக் கொடுத்து, விளம்பரம் காட்டி, உள்ளே ஏதாவது விற்றுத்தான் சம்பாதிக்க வேண்டும். ஆளை உள்ளே கொண்டுவரவே நீங்கள் வேறு இடத்தில் விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவு 15 சதவீதத்தில் வராது, உங்கள் பையிலிருந்து தனியாகப் போகும். கன்சோல் வாங்கினவர் விளையாட்டுக்கென்றே பெரிய தொகை கொடுத்தவர். இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது விலை 49,990 ரூபாய். அவருக்கு நல்ல கேமைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. என் மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய போன்கள் கிடக்கின்றன. ஒன்றில் திரை நீளம், ஒன்றில் மெமரி பத்தாது, ஒன்று பத்து நிமிஷத்தில் தோசைக்கல் மாதிரி சூடாகிவிடும். அத்தனையிலும் ஓட்டிப் பார்த்துத்தான் மொபைல் கேமை வெளியே விட முடியும். கன்சோலில் அந்தப் பாடு இல்லை. என் அறையில் ஓடுகிறதே, அதே வேகத்தில்தான் ஒசாகாவில் இருக்கிறவர் வீட்டிலும் ஓடும். ஆறேழு வருஷத்துக்கு அந்தப் பெட்டி பெரிதாக மாறாது. முதல் கேமுக்குக் கற்றுக்கொண்ட வித்தை மூன்றாவது கேம் வரைக்கும் சோறு போடும்.

எங்கள் காலத்தில் கேசட் போட்டு விளையாடும் டிவி கேம். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதிப் போடுவோம். பிறகு திடீரென்று எல்லாம் சிடி ஆகி, பிளேஸ்டேஷன்தான் ராஜா என்றார்கள். என்ன நடந்தது?
(சிம்மக்கல், வங்கி ஊழியர்)

ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் ஆசையாகக் காத்திருந்தேன். மொத்த விஷயமும் இதற்குள் இருக்கிறது.

கதை அடாரியில் தொடங்குகிறது. அடாரி 2600 வந்தது 1977இல். அதற்கு அடாரி மட்டுமே கேம் செய்தது. உள்ளே வேலை பார்த்த புரோகிராமர்கள் சிலருக்கு மனக்குறை. வெளியேறி 1979இல் ஆக்டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். ஒருவருடைய கன்சோலுக்கு இன்னொருவர் கேம் விற்கும் தொழில் அங்கேதான் பிறந்தது. அடாரி வழக்குப் போட்டது. 1982இல் ராயல்டி தருகிறோம் என்று சமரசம் ஆனது. பிறகு யார் வேண்டுமானாலும் கேசட் போட்டார்கள். கடைகளில் குப்பை குவிந்தது. 1983இல் அமெரிக்கச் சந்தை அப்படியே படுத்துவிட்டது.

அதைப் பார்த்த நிண்டெண்டோ, 1985இல் அமெரிக்காவுக்குள் வரும்போது கன்சோலுக்குள் ஒரு பூட்டுச் சிப் வைத்தது. அதன் ஜோடிச் சிப் இல்லாத கேசட் ஓடாது. அதனால் கேசட்டை நிண்டெண்டோதான் தயாரிக்கும். பப்ளிஷர், அதாவது பணம் போட்டு கேமை வெளியிடுகிறவர், இத்தனை ஆயிரம் கேசட் வேண்டும் என்று குறைந்தபட்ச ஆர்டர் கொடுத்து, முன்பணம் கட்ட வேண்டும். விற்காமல் கிடந்தால் அது பப்ளிஷர் தலைவிதி. வருஷத்துக்கு ஐந்து கேம்தான் என்று வேறு ஒரு வரம்பு. கொனாமி அந்த வரம்பைத் தாண்டுவதற்காகவே அல்ட்ரா கேம்ஸ் என்று தனியாக ஒரு பெயரில் கடை திறந்தது. இத்தனை கெடுபிடிக்கும் ஏன் உட்பட்டார்கள்? கூட்டம் அங்கேதான் இருந்தது.

1994 டிசம்பர் 3ஆம் தேதி ஜப்பானில் பிளேஸ்டேஷன் வந்தது. கேசட்டுக்குப் பதில் சிடி. சிடி அடிக்க ஆகும் செலவு, கேசட்டுக்கு ஆவதில் சிறு பங்குதான். அதைவிட முக்கியம் நேரம். கேசட் ஆர்டர் கொடுத்தால் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே ஊகித்துப் பணத்தை முடக்கியாக வேண்டும். கூடப் போட்டால் கோடவுனில் தூங்கும், குறையப் போட்டால் பண்டிகை முடிந்த பிறகுதான் அடுத்த லாட் வரும். சிடியில் கொஞ்சமாக அடிக்கலாம். விற்றால் சில நாளில் மறுபடி அடிக்கலாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி எடுத்துத் தெருவில் விற்கும் அம்மாக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே தடவையில் பத்து கிலோ எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொன்னால் யார் அந்தத் தொழிலுக்கு வருவார்கள்? காலையில் அரைக் கிலோ, தீர்ந்தால் இன்னும் அரைக் கிலோ என்றால்தான் கைமுதல் இல்லாதவரும் பிழைக்க முடியும்.

நிண்டெண்டோ 1996இல் வந்த நிண்டெண்டோ 64லும் கேசட்டை விடவில்லை. அதில் அதிகபட்சம் 64 எம்பிதான் கொள்ளும். சிடியிலோ 650 எம்பி. அதுவரை நிண்டெண்டோவோடு இருந்த ஸ்கொயர் கம்பெனி, 1997இல் ஃபைனல் ஃபேன்டஸி 7ஐ மூன்று சிடியில் பிளேஸ்டேஷனுக்குக் கொடுத்தது. கடைசியில் பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டி விற்றது. நிண்டெண்டோ 64 சுமார் 3.3 கோடியோடு நின்றது.

சோனி ஒன்றும் ராயல்டி வாங்காமல் இருக்கவில்லை. வாங்கியது. விற்காத சரக்கின் சுமையைத்தான் பப்ளிஷரின் தலையிலிருந்து இறக்கி வைத்தது. கூட்டமும் கேமும் அதன் பின்னால் போய்விட்டன.

அப்படியானால் மிகக் குறைந்த ராயல்டி வாங்கும் கன்சோல் வந்தால் எல்லோரும் அங்கே போய்விடுவார்களா?
(மேலூர்)

ஒருமுறை வந்தது. 1993இல் த்ரீ-டி-ஓ. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸைத் தொடங்கிய ட்ரிப் ஹாக்கின்ஸ்தான் இதற்கும் மூளை. பப்ளிஷராக இருந்து அந்த வலியை அனுபவித்தவர் என்பதால், ஒரு டிஸ்குக்கு 3 டாலர் ராயல்டி போதும் என்றார். கேம் செய்பவர்களுக்கு இனித்தது. ஆனால் பெட்டியைச் செய்தது பானசோனிக் போன்ற கம்பெனிகள். கேம் விற்பனையில் அவர்களுக்குப் பங்கில்லை. அதனால் லாபத்தைப் பெட்டியிலேயே வைத்தார்கள், விலை 699 டாலர் ஆனது. யார் வாங்குவார்கள்? கூட்டம் சேரவில்லை, இரண்டு மூன்று வருஷத்தில் கதை முடிந்தது. ராயல்டி குறைவு என்று சொல்லி ஆள் இல்லாத பொட்டலில் கடை போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

கன்சோல் கம்பெனியே பெரிய கேம்களைச் செய்கிறதே, அதற்கு நடுவில் எங்களை யார் பார்ப்பார்கள்?
(வில்லாபுரம்)

அந்தக் கேம்கள்தான் கூட்டத்தைக் கூட்டி வருகின்றன, பயப்பட வேண்டாம். கூட்டம் வராத கன்சோலில்தான் பயம். நிண்டெண்டோவின் வீ யூ கன்சோல் மொத்தமே சுமார் 1.36 கோடிதான் விற்றது, வெளிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. அதே நிண்டெண்டோ 2017இல் விட்ட ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது. சின்ன டெவலப்பர்கள் நிறையப் பேருக்கு அதில்தான் விடிந்தது.

ஒரு பப்ளிஷர் 20 லட்சம் அட்வான்ஸ் தருகிறேன், பிறகு பாதிக்குப் பாதி என்கிறார். கையெழுத்துப் போடலாமா?
(ஒத்தக்கடை, மூன்று பேர் கொண்ட குழு)

கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். அந்த 20 லட்சத்தை எதிலிருந்து கழிக்கப் போகிறார்கள்?

கேம் விலை 1,000 ரூபாய், வரியை விட்டுவிடுவோம். கன்சோல் கடை 300 எடுத்தால் மீதி 700. முதல் வகை: அட்வான்ஸ் தீரும் வரை 700 முழுவதும் பப்ளிஷருக்கு, அதன் பிறகு ஆளுக்கு 350. அப்படியென்றால் சுமார் 2,860 பிரதி விற்றதும் உங்களுக்குக் காசு வர ஆரம்பிக்கும். இரண்டாம் வகை: முதல் பிரதியிலிருந்தே பப்ளிஷர் தன் 350ஐ எடுத்துக்கொள்வார். உங்கள் 350இலிருந்துதான் அட்வான்ஸ் கழியும். இப்போது சுமார் 5,720 பிரதி விற்க வேண்டும். உங்கள் கைக்கு முதல் ரூபாய் வருவதற்குள் அவர் போட்ட 20 லட்சத்தையும் எடுத்து, இன்னொரு 20 லட்சமும் பார்த்திருப்பார். இரண்டு ஒப்பந்தத்திலும் "பாதிக்குப் பாதி" என்றுதான் எழுதியிருக்கும்!

நம் ஊரில் மதுரை–ராமநாடு ஏரியாவுக்குப் படம் வாங்குகிறவர்களிடம் கேட்டால், எம்.ஜி.க்கும் (மினிமம் கேரண்டி) அட்வான்ஸுக்கும் வித்தியாசம் சொல்வார்கள். படம் ஓடாவிட்டால் எம்.ஜி. கொடுத்தவர் நஷ்டத்தைத் தாங்க வேண்டும். அட்வான்ஸ் என்றால் திருப்பிக் கேட்கலாம். கேம் பப்ளிஷர் தருவதற்குப் பெயர் அட்வான்ஸ் என்றாலும், பெரும்பாலும் அது எம்.ஜி. மாதிரிதான், வருமானத்தில் கழிப்பார்களே தவிர உங்கள் வீட்டு வாசலுக்கு வர மாட்டார்கள். ஆனால் அதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறொரு கன்சோலுக்கு மாற்றும் செலவு யாருடையது, அடுத்த பாகத்தின் உரிமை யாரிடம் என்பதையும் கேளுங்கள். ஒரு வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸைச் செலவாக நினைக்காதீர்கள்.

டெவ்கிட் எங்கே கிடைக்கும்? ஆன்லைனில் பழையது ஒன்று விலைக்கு வந்திருக்கிறது.
(அனுப்பானடி)

வாங்காதீர்கள். டெவ்கிட் என்பது கேம் செய்கிறவர்களுக்கென்று தனியாகச் செய்த கன்சோல். அது கன்சோல் கம்பெனிக்குச் சொந்தமானது, ஒப்பந்தம் போட்டவருக்கு மட்டும் தருவார்கள். சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூன்று கம்பெனிக்கும் டெவலப்பர்கள் பதிவு செய்யும் தளம் இருக்கிறது. ஓடக்கூடிய ஒரு மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். மைக்ரோசாஃப்ட் 2013இல் ஐடி அட் எக்ஸ்பாக்ஸ் திட்டத்தைத் தொடங்கியபோது, தேர்வானவர்களுக்கு இரண்டு டெவ்கிட் இலவசம் என்று அறிவித்தது. சின்ன ஆட்களைத் தேடி வரும் காலம் அப்படித்தான் தொடங்கியது.

டெவ்கிட்டைவிட, சோதனைக்கு நேரம் ஒதுக்குவதுதான் பெரிய காரியம். விற்பனைக்கு விடும் முன் கன்சோல் கம்பெனி உங்கள் கேமைச் சோதிக்கும். அதற்கான விதிப் பட்டியலைச் சோனியில் டி.ஆர்.சி. என்பார்கள், நிண்டெண்டோவில் அந்தச் சோதனைக்குப் பெயர் லாட்செக். தேறினால்தான் கடைக்குப் போகும். என் முதல் கன்சோல் கேமில், கன்ட்ரோலர் துண்டித்தால் ஆட்டம் நின்று "இணைக்கவும்" என்று காட்ட வேண்டும் என்பதைச் சரியாகத்தான் செய்திருந்தேன். தொடக்கத்தில் ஓடும் சின்ன வீடியோக் காட்சியில் மட்டும் சோதிக்க மறந்துவிட்டேன். சோதித்தவர் சரியாக அங்கே பேட்டரியைக் கழற்றியிருக்கிறார். திரும்பி வந்தது. சரிசெய்து மறுபடி அனுப்பித் தேறுவதற்கு மூன்று வாரம், கிறிஸ்துமஸ் விற்பனை போச்சு. தவறு முழுக்க என்னுடையது. இப்போதெல்லாம் ஒவ்வொரு திரையிலும் பேட்டரியைக் கழற்றிப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

தமிழில், நம் ஊர்க் கதையோடு கேம் செய்தால் கன்சோலில் விலை போகுமா?
(சோழவந்தான்)

போகும். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்த "வெண்பா", 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லியும் புட்டும் செய்வதுதான் ஆட்டமே. 2023 ஜூலை 31 அன்று ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாவற்றிலும் வந்தது. முதல் நாளிலேயே மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவிலும் சேர்ந்தது. புனேயில் செய்த "ராஜி" 2020இல் முதலில் ஸ்விட்சில்தான் வந்தது. சந்தாவில் சேர்க்கக் கேட்டால், ஓ.டி.டி.க்குப் படம் கொடுப்பதுபோல் ஒரு தொகை பேசிக் கொடுப்பார்கள். சின்னக் குழுவுக்கு, எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கவலை அந்த அளவுக்குக் குறையும். ஆனால் உள்ளூர் விற்பனையை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மதுரையில் கன்சோல் இருக்கும் வீடுகள் குறைவு. உங்கள் கேமை வாங்கப்போகிறவர் கோலாலம்பூரிலோ, லண்டனிலோ, தமிழே தெரியாமல் டென்வரிலோ இருப்பார்.

இன்னொரு விஷயம், கட்டாயம் இன்றைக்கே செய்ய வேண்டியது. கேம் எஞ்சின்களில், அதாவது கேம் செய்யப் பயன்படும் மென்பொருள்களில், தமிழ் எழுத்து சும்மா போட்டால் சரியாக வராது. கொம்பு, எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். என் திரையில் "கோவில்" என்ற சொல் உடைந்து கிடந்ததைப் பார்த்து ஒரு வாரம் தூக்கம் போனது. கதை எழுத உட்காரும் முன், கெ, கொ, கோ, கௌ நான்கையும் டைப் செய்து, டிவியில் ஓட்டி, சோபாவில் உட்கார்ந்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.