இரண்டு நாணயம், மூன்றே முடிவா?

கேள்வி: பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இரண்டு நாணயங்களை ஒன்றாகச் சுண்டினால் இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என மூன்றே முடிவு, ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/3 என்கிறார்கள் மாணவர்கள். மர வரைபடம் போட்டுக் காட்டினேன். எழுதிக்கொள்கிறார்கள், மறுநாள் மறுபடியும் 1/3. வேறு எந்தப் படம் உதவும்?

பதில்: மரத்தைச் சில நாள் ஒதுக்கி வையுங்கள். மரத்தில் முதல் சுண்டலின் முடிவுகளுக்கு முதல் கிளைகள், அவற்றின் நுனியில் இரண்டாவதன் முடிவுகளுக்கு அடுத்த கிளைகள் என்று வரிசை உண்டு. மாணவரோ இரண்டையும் ஒன்றாகச் சுண்டுகிறார். இதில் எது முதல்? அவருக்குப் படம் வேறு, கையில் நடப்பது வேறு. இந்தத் தப்புக்காக அவர்களைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். 1754இல் வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத் தொகுதியில், இரண்டு சுண்டலில் ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3 என்று வாதிட்டவர் டாலம்பேர் என்ற பெரிய கணித அறிஞர். சரியான விடை 3/4.

ஒரே மாதிரி நாணயங்கள்தான் குழப்பத்தின் வேர். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு 1 ரூபாயும் ஒரு 5 ரூபாயும் கொடுங்கள். கட்டம் போட்ட நோட்டில் இரண்டுக்கு இரண்டாக நான்கு பெரிய கட்டம்: இடப்பக்கம் 1 ரூபாயின் தலை, பூ, மேலே 5 ரூபாயின் தலை, பூ. நாணயங்களை எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி, மடித்த துணிமேல் கவிழ்க்கட்டும். வெறும் தரையில் கவிழ்த்தால் பாதி நேரம் பெஞ்சுக்கு அடியில் நாணயம் தேடியே போகும்.

சுண்டும் முன் ஒரு வேலை. 400 முறையில் ‘ஒன்று தலை ஒன்று பூ’ எத்தனை முறை வரும் என்று ஒவ்வொருவரும் எழுதி வைக்க வேண்டும். 1/3 கட்சிக்காரர்கள் 133 என்று எழுதுவார்கள். எழுதாமல் விட்டால், என்ன வந்தாலும் “நானும் இதைத்தான் சார் நினைச்சேன்” என்பார்கள்.

40 பேர் இருந்தால் 20 ஜோடி, ஜோடிக்கு 20 முறை. உரிய கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. தனி ஜோடியின் முடிவை நம்பாதீர்கள்; 20 முறையில் 10 வரவேண்டிய இடத்தில் 6 அல்லது 14 வருவதும் சாதாரணம். மொத்தம் 400ஐயும் போர்டில் கூட்டினால் ‘ஒன்று தலை ஒன்று பூ’ பெரும்பாலும் 180க்கும் 220க்கும் இடையில் நிற்கும். 133 பக்கம் போகாது. மூலைவிட்டத்தில் எதிரெதிரே இருக்கும் அந்த இரண்டு கட்டங்களுக்கும் ஒரே நிறச் சாக்பீஸ் பூசுங்கள். ‘ஒன்று தலை ஒன்று பூ’வுக்கு இரண்டு இடம் இருப்பது அப்போது கண்ணில் படும்.

பகடைக்கும் இதே வழிதான்: சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, 36 கட்டம். கூட்டுத்தொகை 7 சாய்வாக ஆறு கட்டங்களில் ஓடும், 2 ஒரே கட்டம்.

திரும்ப வைக்காமல் எடுக்கும் கணக்கில்தான் பலர் கட்டத்தைக் கைவிட்டு மரத்துக்குத் தாவுகிறார்கள். தேவையில்லை. துணிப்பையில் 3 சிவப்பு, 2 கறுப்புப் பொத்தான்கள் இருக்கின்றன என்று வைப்போம் (ஒரே அளவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் விரல் கண்டுபிடித்துவிடும்). ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எடுக்கிறோம். ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு (இடப்பக்கம் முதலில் எடுத்தது, மேலே இரண்டாவது), மூலைவிட்டத்தின் ஐந்தையும் அடித்துவிடச் சொல்லுங்கள். எடுத்த பொத்தானையே மறுபடி எடுக்க முடியாதல்லவா? மீதி 20. இரண்டும் சிவப்பு 6 கட்டம், இரண்டும் கறுப்பு 2, கலந்தது 12. பின்னத்தின் கீழே வரும் பகுதி 25 அல்ல, 20 என்பதை மாணவரே அடித்துப் பார்த்திருப்பார்.

இப்போது மரத்தைக் கொண்டுவாருங்கள், ஆனால் பின்னம் இல்லாமல். 20 முறை எடுக்கிறோம்: முதலில் 12 சிவப்பு, 8 கறுப்பு. அந்த 12இல் அடுத்தது 6 சிவப்பு, 6 கறுப்பு. அந்த 8இல் 6 சிவப்பு, 2 கறுப்பு. கட்டத்தில் எண்ணிய அதே எண்கள். அதன் பிறகே 3/5, 2/4 என்று கிளைகளில் எழுதட்டும். இரண்டாம் கிளையிலும் பகுதியை 5 என்றே எழுதுவதுதான் வழக்கமான பிழை. ஒரு புள்ளியிலிருந்து பிரியும் கிளைகளைக் கூட்டினால் 1 வருகிறதா என்று பார்த்தால் மட்டும் இது சிக்காது, 3/5 + 2/5 கூட 1 தானே. பையில் இப்போது எத்தனை பொத்தான் என்று கிளை பிரியும் இடத்திலேயே எழுதவைத்தால் சிக்கிவிடும்.

மூன்றாவது முறையும் எடுக்கச் சொல்லும் கணக்குக்குத் தாளில் கட்டம் போதாது, அங்கே மரம்தான்.