முடிவை முதலிலேயே பார்த்துவிடுகிறேன், மர்மப் படங்களை எப்படி ரசிப்பது?

மர்மப் படமோ திகில் நாவலோ, பாதியிலேயே முடிவைத் தேடிப் பார்த்துவிடுகிறேன், அப்புறம் சலித்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ராத்திரி தனியாக, கையில் செல்போனோடு பார்க்கிறவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். படபடப்பு தாங்காமல்தான் கதைச் சுருக்கத்தைத் திறக்கிறீர்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கியதே அந்தப் படபடப்பைத்தானே?

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் ‘அந்த நாள்’ போட்டார்கள். 1954-ல் ஏவி.எம். தயாரித்து வீணை எஸ்.பாலசந்தர் இயக்கிய படம். ஒரு பாட்டுகூடக் கிடையாது என்று தெரிந்ததும் பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். ஆரம்பத்திலேயே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி செத்துப் போகிறார். ஜாவர் சீதாராமன் சி.ஐ.டி. அதிகாரியாக வந்து வீட்டில் உள்ளவர்களையும் பக்கத்து வீட்டுக்காரரையும் விசாரிக்கிறார். ஒருவர் சொல்வதைக் கேட்டால் அதுதான் உண்மை என்று தோன்றும். அடுத்தவர் வாயைத் திறந்ததும் அது கலைந்துவிடும். முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது.

அப்பா அந்தப் படத்தை முன்பே பார்த்தவர். கெஞ்சிப் பார்த்தேன், சொல்லவில்லை. “நீயே யோசிம்மா” என்றார். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், சந்தேகப்படக்கூடியவர்களை வரிசையாக எழுதி ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வந்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் யோசிக்கிற. ஆனா ஒருத்தரை ரொம்ப சீக்கிரம் அடிச்சிட்ட” என்றார். யாரை என்று சொல்லவில்லை. அன்றைக்குத் தூக்கம் எங்கே வரும்?

நான்கு வருடம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் வாடகைக்கு டெக் எடுத்துப் போட்டபோதுதான் முடிவைப் பார்த்தேன். மறுநாள் காலையில் கேசட்டைத் திருப்பிக் கொடுப்பதற்குள் இன்னொரு தடவை ஓடவிட்டேன். முதல் தடவை சாதாரணமாகக் கடந்துபோன முகங்களும் பேச்சும் இப்போது வேறு அர்த்தத்தில் தெரிந்தன. அதனால் முடிவு தெரிந்தால் படம் செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு வந்து சேர்கிற முடிவு வேறு, சுருக்கத்தில் படிக்கிற ஒற்றை வரி வேறு. யார் சுட்டது என்று இங்கேயும் எழுத மாட்டேன். எழுபது வருடம் ஆகிவிட்டதே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

திகிலும் இப்படித்தான். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாவிட்டால் வெடிக்கும்போது 15 நொடி அதிர்ச்சி, தெரிந்திருந்தால் 15 நிமிடம் தவிப்பு என்று திகில் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியிருக்கிறார். திடீரென்று காதைக் கிழிக்கிற சத்தம் போடுகிற பேய்ப் படங்களை வைத்துத் திகிலை எடை போடாதீர்கள். மூடிய கதவை ஒரு நிமிடம் சும்மா காட்டுகிற படத்தைத் தேடுங்கள்.

மர்ம நாவல் படிப்பவர்களை மட்டமாகப் பேசுகிறவர்கள் எப்படியும் வருவார்கள். நான் மற்றதையும் படிக்கிறேன், இதையும் படிக்கிறேன். சின்ன வயதில் எங்கள் ஊர் வாடகை நூல் நிலையத்தில் எடுத்த ஒரு துப்பறியும் நாவலில் கடைசி நான்கு பக்கம் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது நான்தான் கிழித்தேன் என்று கடைக்காரர் முழு விலையையும் வாங்கிக்கொண்டார். தெருவில் நாலு பேர் பார்க்க, அம்மா முந்தானையிலிருந்து காசை அவிழ்த்துக் கொடுத்தார். நான் கிழிக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ‘அந்த நாள்’ படத்திலிருந்தே தொடங்குங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பார்ப்பதாக இருந்தால் வீடியோவுக்குக் கீழே இருக்கிற கருத்துகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். முதல் வரியிலேயே கொலையாளி யார் என்று எழுதி வைக்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.