வேதாகம ஆய்வில் முனைவர் பட்டம்: பணத்துக்கு எங்கே போவது?

ஆதித் திருச்சபை வரலாற்றில் ஆய்வை முடித்துப் பினாங்குக்குத் திரும்பியதிலிருந்து, ஞாயிறு ஆராதனைக்குப் பின் தேநீர் நேரத்தில் என்னைத் தேடி வரும் கேள்விகளில் பாதி பணத்தைப் பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பட்டர்வொர்த் இறையியல் மாணவர்: அக்கா, முதலில் உபகாரச் சம்பளம் தேடுவதா, பல்கலைக்கழகத்தில் இடம் தேடுவதா?

தம்பி, நம் துறையில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே கதவுதான். அமெரிக்காவில் டியூக், யேல், நோட்டர் டாம், பிரின்ஸ்டன் செமினரி போன்ற இடங்களில் பிஎச்.டி.க்குச் சேர்த்துக்கொண்டால் கட்டணமும் கேட்கமாட்டார்கள், வாழ்க்கைச் செலவுக்கும் தருவார்கள். ஆனால் எடுப்பது மிகச் சிலரைத்தான். விண்ணப்பக் கெடு டிசம்பர், ஜனவரியோடு முடிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் நிதிக்குத் தனி விண்ணப்பமே கிடையாது. சேர்க்கைக் கெடுவுக்குள் விண்ணப்பித்தாலே உங்கள் பெயரும் பரிசீலனைக்குப் போகும். கேம்பிரிட்ஜின் கேட்ஸ் உபகாரச் சம்பளம் பிரிட்டன் குடிமக்கள் அல்லாதவர்களுக்கென்றே உள்ளது. அதைச் சேர்க்கை விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

பிரிட்டனில் இன்னொன்று நடக்கும். இடம் உண்டு, பணம் இல்லை என்று கடிதம் வரும். அங்கே வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்கு 20,000 பவுண்டைத் தாண்டும். நம் காசில் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல், அதுவும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு. அந்தக் கடிதத்தை நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பியுங்கள்.

பிறை சகோதரர்: பிடிபிடிஎன் கடன் கிடைக்குமா? இபிஎஃப் பணத்தை எடுக்கலாமா?

பிடிபிடிஎன் என்னும் அரசு உயர்கல்விக் கடன் உள்நாட்டுக் கல்விக்கூடங்களுக்கு மட்டும். ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் செஜாத்தெரா கணக்கிலிருந்து கல்விக் கட்டணத்துக்கு எடுக்கலாம். முனைவர் பட்டத்துக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் பொருந்தும். விட்டுப்போன சிறு செலவை அடைக்க அது உதவும், அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸ் சகோதரி: என் கணவர் போதகர். டி.மின். படிக்கலாம் என்கிறார்கள். அது போதுமா?

அவர் எதற்காகப் படிக்கிறார் என்பதைப் பொறுத்தது, சகோதரி. டி.மின். ஊழியத்துக்கான பட்டம். அதற்கு முழு உதவி கிடைப்பது அரிது. இறையியல் கல்லூரியில் வேதாகமம் கற்பிக்க வேண்டுமானால் பிஎச்.டி.தான் வேண்டும். ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட் தொடங்கிய லங்ஹாம் அமைப்பு, ஊர் திரும்பிக் கற்பிக்கப்போகும் நம் போன்ற நாட்டு சுவிசேஷ சபையாருக்கு முனைவர் படிப்புக்கு உதவுகிறது. நீங்கள் லுத்தரன் சபை என்றால், மலேசிய சபை லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் உறுப்பினர். அங்கே சபையின் பரிந்துரையோடுதான் உதவி கேட்க முடியும். ஆகவே முதலில் பேச வேண்டியது உங்கள் பேராயரிடம். திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனையைச் சுமையாக நினைக்காதீர்கள். தமிழில் வேதாகமம் கற்பிக்க நம்மிடம் ஆள் எவ்வளவு குறைவு என்பது உங்களுக்கே தெரியும்.

ஈப்போ தங்கை: கிரேக்கம் ஓராண்டு படித்திருக்கிறேன். போதுமா?

போதாது, தங்கச்சி. என் முதல் விண்ணப்பம் தள்ளப்பட்டது இதனால்தான். மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதங்களும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் மொழி போதவில்லை. அன்றிரவு அழுதேன். அப்புறம் ஈராண்டு கிரேக்கமும் எபிரேயமும் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசித்தேன், ஜெர்மன் கட்டுரைகளை அகராதியோடு படிக்கப் பழகினேன். உங்கள் ஆய்வு எங்கே போகிறதோ அதற்கேற்ப இலத்தீன், காப்டிக், சிரியாக் என ஒன்று சேர்ந்துகொள்ளும். பணம் கொடுக்கும் குழு பார்ப்பது, இவரால் மூல நூலைத் தானே வாசிக்க முடியுமா என்பதைத்தான்.

தமிழும் இந்தியத் தொடர்பும் இங்கே ஒரு பலம். இயேசுவின் சீடர் தோமா இந்தியா வந்த கதையைச் சொல்லும் 'தோமாவின் பணிகள்' 3ஆம் நூற்றாண்டில் சிரியாக்கில் எழுதப்பட்டதாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். அதில் வரும் குந்தபார் அரசனின் நாணயங்களும் கிடைத்திருக்கின்றன. தரங்கம்பாடியில் 1715இல் அச்சேறி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை ஆராய விரும்பினால், தரங்கம்பாடி மிஷனரிகள் அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கின்றன. அவற்றை நேரடியாக வாசிக்கக்கூடியவர் விண்ணப்பித்தால் யாரும் கவனிப்பார்கள். ஆனால் தமிழர் என்பதற்காகவே இதை எடுக்காதீர்கள். பவுலின் நிருபங்கள்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், பவுலோடு போங்கள்.

ஜார்ஜ்டவுன் தம்பி: எருசலேமில் படிக்க முடியாதா, அக்கா?

நம் கடப்பிதழில் இஸ்ரேல் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்றே அச்சிட்டிருக்கிறது. அங்கே போய்ப் பல ஆண்டுகள் படிப்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஐரோப்பாவைப் பாருங்கள். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகம் முனைவர் படிப்பை ஆங்கிலத்திலேயே நடத்துகிறது. சுவீடனில் முனைவர் மாணவர் பல்கலைக்கழகத்தின் சம்பள ஊழியர். அங்குள்ள லுண்ட், உப்சாலா பல்கலைக்கழகங்கள் இடம் அறிவிக்கும்போது வேலைக்குப் போடுவதுபோல விண்ணப்பிக்க வேண்டும். எங்கு போட்டாலும், கெடுவுக்கு நான்கைந்து மாதம் முன்பே நெறியாளராக நினைப்பவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அவருடைய கட்டுரை ஒன்றையாவது முழுதாக வாசித்துவிட்டு எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.