இன்சுலின் போட்டா பசிக்குமா, அடங்குமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பேச்சுவாக்குல "இன்சுலின் பசிய அடக்குற ஹார்மோன்"னு ஒரு வரி எழுதிட்டேன், அதுக்கு வந்த சண்டைய பாத்து தனியாவே இத வச்சுக்கலாம்னு முடிவு பண்ணேன். நான் டயட்டீஷியன்தான், டாக்டர் இல்ல. 11 வயசுல இருந்து டைப் 1 சர்க்கரை நோய் (உடம்பு சொந்தமா இன்சுலின் விடாத வகை), அதாவது 26 வருஷமா ஊசி. ரெண்டு நாள் இங்க இருப்பேன், டோஸ் எவ்ளோ போடணும்னு மட்டும் கேக்காதீங்க, அது உங்க டாக்டர் வேலை.

தஞ்சாவூர் மருமகள்: அக்கா, என் மாமியாருக்கு 67 வயசு, மூணு மாசம் முன்னாடி இன்சுலின் ஆரம்பிச்சாங்க. காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. அதுல இருந்து எந்நேரமும் பசி பசிங்கிறாங்க, ராத்திரி 2 மணிக்கு எந்திரிச்சு கிச்சன்ல முறுக்கு டப்பாவ தேடுறாங்க. வீட்டுக்காரர் "வாய கட்ட முடியல"னு திட்டுறார். இன்சுலின் பசிய தூண்டும்தானே, நீங்க அடக்கும்னு எழுதியிருக்கீங்களே?

முதல்ல அவங்கள திட்ட வேணாம்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. ராத்திரி 2 மணிக்கு ஒரு வயசானவங்க எந்திரிச்சு சாப்பாடு தேடுறாங்கன்னா அது நாக்கு ருசின்னு நான் நினைக்க மாட்டேன், லோ சுகரானு முதல்ல பாப்பேன். ரத்தத்துல சுகர் 70க்கு கீழ இறங்குனா மூளை அலாரம் அடிக்கும், அட்ரினலின் வரும், வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கூடவே கபகபன்னு ஒரு பசி வரும், அது சாதாரண பசி மாதிரி இருக்காது, எனக்கு வந்தப்பெல்லாம் டப்பால இருந்தத நின்னுக்கிட்டே அள்ளி வாயில போட்டிருக்கேன். அந்த பசிய கொண்டு வர்றது சுகர் இறங்குனது. இன்சுலின் அங்க சுகர இறக்கிவிட்டது, அவ்ளோதான். ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும், ஆனா ஒண்ணு இல்ல, கீழ சொல்றேன். இன்னைக்கு ராத்திரி அவங்க எந்திரிச்சா, முறுக்குக்கு முன்னாடி மீட்டர்ல ஒரு சொட்டு ரத்தம் வச்சு நம்பர பாருங்க. எந்திரிக்கலன்னாலும் 3 மணிக்கு ஒரு தடவ பாருங்க. நாளைக்கு வந்து சொல்லுங்க.

பி.எஸ்சி. விலங்கியல்: மேடம், அப்போ அடக்கும்னு சொன்னதுக்கு என்ன ஆதாரம்?

பபூன் குரங்கு! 1979ல அமெரிக்காவுல வுட்ஸ், போர்ட்னு ரெண்டு பேரோட குழு, பபூன்களோட மூளைய சுத்தி இருக்குற திரவத்துல நேரா கொஞ்சம் கொஞ்சமா இன்சுலின் விட்டாங்க. உடம்புல ஓடுற ரத்தத்துல விடல, அதனால சுகர் இறங்கல. பபூனுங்க சாப்பாட்ட குறைச்சுது, எடையும் குறைஞ்சுது. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான் மூளையிலயும் இன்சுலின் ரிசப்டர், அதாவது இன்சுலின் சேதிய வாங்குற இடம், இருக்குன்னே கண்டுபிடிச்சிருந்தாங்க. அதுவரைக்கும் மூளைக்கும் இன்சுலினுக்கும் சம்பந்தமே இல்லன்னுதான் புத்தகத்துல இருந்தது.

இப்ப தெரிஞ்ச கதை என்னன்னா, மூளையோட அடிப்பக்கம் இருக்குற ஹைப்போதலாமஸ்ல ஆர்க்யுவேட்னு ஒரு சின்ன இடம், அங்க ரெண்டு கட்சி நரம்பு செல்லுங்க. ஒண்ணு ஏஜிஆர்பி, "சாப்பிடு சாப்பிடு"ன்னு விரட்டும். இன்னொண்ணு பிஓஎம்சி, "போதும் எந்திரி"ன்னு சொல்லும். இன்சுலின் அங்க போனா முதல் கட்சிய அமுக்கும், ரெண்டாவது கட்சிய எழுப்பி விடும். 1994ல கண்டுபிடிச்ச லெப்டினும் (கொழுப்பு செல்லுங்க விடுற ஹார்மோன்) கிட்டத்தட்ட இதே வேலைய செய்யுது. 2000த்துல ப்ரூனிங் குழு, நரம்பு செல்லுல மட்டும் இன்சுலின் ரிசப்டர் இல்லாத எலிய உருவாக்குனாங்க, அதுங்க கொழுப்பு வச்சு குண்டாச்சு, பொட்டை எலிங்க சாப்பாடும் கூட எடுத்துச்சு. மூளையோட பார்வையில இன்சுலின்னா "வீட்டுல அரிசி மூட்டை இருக்கு, பயப்படாத"ன்னு வர்ற சேதி.

நைட்ஷிப்ட் நாகராஜ்: சிஸ்டர் இது லாஜிக்கா இல்லையே. டைப் 1ல இன்சுலினே இல்ல, ஆனா அவங்க ஒல்லியா இருப்பாங்களே? உங்க கணக்குப்படி சேதி வராம நிறைய சாப்பிட்டு குண்டாகணும்ல?

சரியான இடத்துல பிடிச்சீங்க. பாதி சரி. நிறைய சாப்பிடுவோம், குண்டாக மாட்டோம். என் கதையே சொல்றேன். ஆறாவது படிக்கிறப்போ காலைல எட்டு இட்லி, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு சட்டி பழைய சோறு, ராத்திரி மறுபடி. பாட்டி "வயித்துல பூச்சி"ன்னு பூச்சி மாத்திரை குடுத்தாங்க, வேப்பிலை உருண்டை குடுத்தாங்க. பாவாடை இடுப்புல நிக்கல, அவ்ளோ இளைச்சுட்டேன். உள்ள நடந்தது என்னன்னா, சாப்பிட்ட சர்க்கரைய செல்லுக்குள்ள சேக்க இன்சுலின் இல்ல, அது அப்படியே மூத்திரத்துல போகுது, கொழுப்பு கரையுது, கொழுப்பு கரைஞ்சா லெப்டினும் இறங்கும். மூளைக்கு ரெண்டு சேதியும் வரல, அது பஞ்சம்னு முடிவு பண்ணி ஏஜிஆர்பிய முழு வேகத்துல ஓட்டுது. ரத்தத்துல சுகர் 450, மூளைக்கு பஞ்சம். ஆஸ்பத்திரில ஊசி ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல அந்த அகோரப் பசி அடங்குச்சு, அம்மா பயந்துட்டாங்க, புள்ளை திடீர்னு ரெண்டு இட்லியோட எந்திரிக்குதேன்னு. ஊசி பசிய அடக்குனத நான் உடம்புலயே பாத்தவ, அதனாலதான் போன வாரம் அந்த வரிய அவ்ளோ தைரியமா எழுதுனேன்.

அப்பாவின் மகன்: அப்பாக்கு ஊசி போட்டு ஆறு மாசத்துல 5 கிலோ ஏறிடுச்சு. பசி அடங்கணும்னா இது எப்படி?

எடை ஏறும், மறைக்க வேண்டியதில்ல. பிரிட்டன்ல நடந்து 1998ல ரிசல்ட் வந்த யுகேபிடிஎஸ்னு பெரிய ஆய்வுல, பத்து வருஷத்துல இன்சுலின் குரூப் சாதாரண சிகிச்சை குரூப்ப விட சராசரியா 4 கிலோ கூட. இதுல மூணு காரணம் கலந்திருக்கு. முதல்ல, இதுவரைக்கும் மூத்திரத்துல ஓடுன சர்க்கரை இப்ப உடம்புல தங்குது, நாளைக்கு 50 கிராம் போச்சுன்னு வைங்க, அதுவே 200 கலோரி, சாப்பாடு அதே அளவு இருந்தாலும் எடை ஏறத்தான் செய்யும். ரெண்டாவது, இன்சுலின் கொழுப்ப சேத்து வைக்கிற ஹார்மோன், கரைய விடாது. மூணாவது, இத யாரும் டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல, லோ ஆயிடுமோன்னு பயந்து சாப்பிடுறது. 11 மணிக்கு ரெண்டு பிஸ்கட், 4 மணிக்கு ரெண்டு, படுக்குறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் பால், "எதுக்கும் இருக்கட்டும்"னு. அப்பாகிட்ட சும்மா உக்காந்து கேளுங்க, அடிக்கடி இப்படி சாப்பிட வேண்டி வந்தா டோஸ் கூடவா இருக்கலாம், டாக்டர்கிட்ட சொல்லணும்.

அதோட, வெளிய இருந்து தோலுக்கு அடியில போடுற ஊசி வேற, கணையம் சொந்தமா விடுறது வேற. கணையம் விடுறப்போ அமிலின்னு ஒரு கூட்டாளியையும் சேத்து விடும், அதுவும் வயிறு நிறைஞ்ச உணர்வ தர்றது. ஊசில அது கிடையாது.

கீட்டோ கார்த்தி: மேடம் நீங்க சொல்றது எல்லாம் பழைய சயின்ஸ். கார்ப் (மாவுச்சத்து) சாப்பிட்டா இன்சுலின் ஏறும், இன்சுலின் கொழுப்ப பூட்டி வச்சிடும், செல்லு பட்டினி, அதனால பசி. அரிசிய விட்டா பசியே வராது. நானே சாட்சி, 9 கிலோ.

9 கிலோவுக்கு வாழ்த்துகள் தம்பி, நிஜமாவே. கீட்டோல, அதாவது மாவுச்சத்த ரொம்ப குறைச்சு கொழுப்ப கூட்டி சாப்பிடுறதுல, பசி குறையுறது பல பேருக்கு நடக்குது, அத நான் மறுக்கல. காரணம் இன்சுலின்னு சொல்றதுதான் இடிக்குது. 2021ல அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிலையமான என்ஐஎச்ல கெவின் ஹால் குழு 20 பேர அங்கயே தங்க வச்சு, ரெண்டு வாரம் கீட்டோ மாதிரி சாப்பாடு, ரெண்டு வாரம் கொழுப்பு குறைஞ்ச, மாவுச்சத்து நிறைஞ்ச சாப்பாடு, எவ்ளோ வேணாலும் சாப்பிடுங்கன்னு விட்டாங்க. மாவுச்சத்து சாப்பாட்டுல சுகரும் இன்சுலினும் நல்லா ஏறுச்சு, ஆனா அதுல இருந்தப்போதான் நாளைக்கு சுமார் 690 கலோரி கம்மியா சாப்பிட்டாங்க. பசி ரெண்டுலயும் ஒரே அளவுன்னுதான் சொன்னாங்க. இன்சுலின் ஏறுனதே பசிக்கு காரணம்னா இது தலைகீழால்ல நடந்திருக்கணும்? ரெண்டு வார ஆய்வுதான், இத வச்சு வாழ்க்கை முழுக்க தீர்ப்பு எழுத முடியாது, ஆனா அந்த பூட்டு சாவி கதைக்கு இது பெரிய ஓட்டை.

இன்னொண்ணு, மீனும் மாட்டுக்கறியும் கூட இன்சுலின ஏத்தும், 1997லயே அளந்து போட்டிருக்காங்க. ஒரு தட்டு மீன் சாப்பிட்டு உடனே பசிக்குதுன்னு யாராவது சொல்லி கேட்டிருக்கீங்களா?

கீட்டோ கார்த்தி: அப்ப நாலு இட்லி சாப்பிட்டு 11 மணிக்கே பசிக்குதே, அது என்ன?

அதுக்கு வேற பதில் இருக்கு, உங்க பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு சில பேருக்கு சுகர், சாப்பிடுறதுக்கு முன்னாடி இருந்த அளவுக்கும் கீழ ஒரு பள்ளம் விழும். லோ சுகர் கிடையாது, நார்மல்குள்ளதான், ஆனா பள்ளம். 2021ல பிரெடிக்ட் ஆய்வுல 1,070 பேருக்கு கையில சென்சார் ஒட்டி பாத்தாங்க, பெரிய பள்ளம் விழுறவங்க சீக்கிரம் பசிச்சு, அன்னைக்கு முழுக்க சராசரியா 312 கலோரி கூட சாப்பிட்டாங்க. சுகர் எவ்ளோ உயரம் ஏறுச்சுங்கிறத விட எவ்ளோ கீழ விழுந்துச்சுங்கிறதுதான் பசிய நல்லா சொல்லுச்சு. ஒரே சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஆள் பள்ளம் மாறுது, அதனால உங்க நண்பர் ஆறு இட்லி தின்னுட்டு ஒரு மணி வரைக்கும் அசையாம இருக்கலாம். நாலு இட்லிய ரெண்டாக்கி கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ வச்சு ஒரு வாரம் பாருங்க.

மதுரை மல்லி: அக்கா ஒரு சந்தேகம், பிரியாணி வாசனைக்கே இன்சுலின் வந்துடும்ங்கிறாங்களே?

கொஞ்சம் வரும். பாத்தாலோ மோந்தாலோ வாயில வச்சாலோ மூளை நரம்பு வழியா கணையத்துக்கு சொல்லும். மனுஷங்கள்ல ரொம்ப சின்ன அளவு, அதனால சுகர் விழுந்து பசிக்குதுன்னு எல்லாம் இல்ல. பிரியாணி வாசனைக்கு பசிக்குறதுக்கு பிரியாணியே போதும்.

ஜிம் பாய்: மூளைக்கு போனா பசி அடங்கும்னா மூக்குல ஸ்பிரே பண்ணா வேலை முடிஞ்சுதே?

பண்ணிட்டாங்க தம்பி. ஜெர்மனில, 2004ல வந்த ஆய்வு, எட்டு வாரம் மூக்குல இன்சுலின். மூக்கு வழியா போனா ரத்தத்துல பெருசா கலக்காம மூளைக்கு போகும். ஆம்பளைங்களுக்கு சுமார் ஒன்னேகால் கிலோ குறைஞ்சுது, பொம்பளைங்களுக்கு குறையல. நமக்கு எப்பவும் இப்படித்தான். மருந்தா அது இன்னும் கடைக்கு வரல, நீங்க வீட்டு ஃபிரிட்ஜுல இருக்குற தாத்தா ஊசி மருந்த எடுத்து மூக்குல விட்டு பாக்காதீங்க. இன்னொண்ணு, குண்டா இருக்குறவங்க பல பேருக்கு மூளையே இன்சுலின் பேச்ச கேக்காம போயிருக்கு. 2025ல ஜெர்மனியோட ட்யூபிங்கன் ஊர்ல நல்லா இருக்குற இளம் ஆம்பளைங்களுக்கு வழக்கமான சாப்பாட்டோட சாக்லேட், சிப்ஸ்னு நாளைக்கு 1,500 கலோரி வரைக்கும் கூடுதலா, அஞ்சே நாள் குடுத்தாங்க. எடை ஏறல. ஆனா பழைய சாப்பாட்டுக்கு திரும்பி ஒரு வாரம் ஆனப்புறமும் மூளையோட இன்சுலின் ரெஸ்பான்ஸ் மந்தமா இருந்துச்சு. தீபாவளி வாரம் ஞாபகம் வந்துச்சு எனக்கு.

பெயர் வேண்டாம்: டைப் 1, 19 வயசு. ராத்திரி ஊசி போடாம விட்டா எடை குறையுது. பசி ஜாஸ்தியா இருக்கு ஆனா என்ன சாப்பிட்டாலும் ஏறல. எப்பவாச்சும் பண்ணா பரவாயில்லயா?

எப்பவாச்சும் கூட பண்ணக் கூடாது மா. எடை குறையுறது உன் சதையும் கொழுப்பும் தண்ணியும் கரைஞ்சு போறது, நான் ஆறாவதுல பாவாடை நிக்காம போன அதே கதை. கீட்டோஅசிடோசிஸ்ல, அதாவது ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகுற நிலைமையில கொண்டு போய் விடும், வாந்தி, வயித்து வலி, மூச்சு வேகமா வாங்குறது வந்தா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. நான் 20 வயசுல ரெண்டு மாசம் இத பண்ணவ, ஐசியூல கண்ணு முழிச்சவ, அதனால உன்ன திட்ட மாட்டேன். இன்னைக்கு ராத்திரி ஊசிய போட்டுட்டு எனக்கு தனியா மெசேஜ் பண்ணு. வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது, இல்ல உன் டாக்டர்கிட்ட சொல்லணும், எப்படி சொல்றதுன்னு சேந்து யோசிப்போம்.

ராயபுரம்காரன்: எனக்கு ஊசி இல்ல, மாத்திரைதான். கிளிமிபிரைடும் வோக்லிபோஸும். எனக்கும் லோ ஆகி பசிக்குமா?

கிளிமிபிரைடு கணையத்த கசக்கி இன்சுலின் எடுக்குற மாத்திரை, அதனால ஆகலாம். உங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம் அண்ணே. லோ ஆனா எல்லாரும் மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலந்து குடிங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்கம்பாங்க, மத்தவங்களுக்கு அது சரி. வோக்லிபோஸ் போடுறவங்களுக்கு அது சரியா வேலை செய்யாது, ஏன்னா அந்த மாத்திரையோட வேலையே சர்க்கரைய உடைய விடாம பண்றது. நீங்க மெடிக்கல்ல விக்கிற குளுக்கோஸ் பவுடர்தான் பாக்கெட்ல வச்சுக்கணும். சாக்லேட்ட யாரும் லோவுக்கு நம்பாதீங்க, அதுல இருக்குற கொழுப்பு சர்க்கரைய மெதுவாக்கிடும். மயங்கி விழுந்தவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, ஆம்புலன்ஸ்தான்.

தஞ்சாவூர் மருமகள்: அக்கா நேத்து சொன்ன மாதிரி பாத்தேன். 2:40க்கு எந்திரிச்சாங்க, நைட்டி முதுகெல்லாம் நனைஞ்சு இருந்துச்சு. மீட்டர்ல 54. உடனே குளுக்கோஸ் கரைச்சு குடுத்தேன், 15 நிமிஷத்துல 88, அப்புறம் முறுக்கே கேக்கல, தூங்கிட்டாங்க. வீட்டுக்காரர் ஒண்ணும் பேசல.

நல்ல வேலை பண்ணீங்க. இன்னைக்கு ராத்திரி ஊசிக்கு முன்னாடியே டாக்டருக்கு போன் பண்ணி இந்த ரெண்டு நம்பரையும் நேரத்தோட சொல்லுங்க, டோஸ நீங்களா குறைக்காதீங்க, நிறுத்தவும் வேணாம். ராத்திரி எத்தன மணிக்கு சாப்பிட்டாங்க, எவ்ளோ சாப்பிட்டாங்கன்னும் கேப்பாங்க, எழுதி வச்சுக்கோங்க. அவங்க படுக்குற இடத்துக்கு பக்கத்துல குளுக்கோஸ் டப்பா, தண்ணி, ஸ்பூன் வச்சிடுங்க, கிச்சன் வரைக்கும் இருட்டுல நடக்க வேணாம். முறுக்கு டப்பாவ ஒளிச்சு வச்சிருந்தா எடுத்து பழைய இடத்துலயே வச்சிடுங்க.