வீட்டு மரவேலைப் பட்டறையில் தூசு இழுக்கிற மெசினுக்கு எந்த பில்டர் நல்லது?

மெசினோடு வந்த 30 மைக்ரோன் துணிப்பையை எடுத்துவிட்டு 1 மைக்ரோன் பை போடுவதா, காட்ரிட்ஜ் (மடிப்பு மடிப்பான உருளை பில்டர்) போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு முதல் ஒன்று பாருங்கள்: காற்றை வெளியே விட வழி இருக்கிறதா? குளிர் நாடுகளில் சூடாக்கிய காற்று வீணாகப் போய்விடும் என்பதால்தான் வடித்துத் திரும்ப உள்ளே விடுகிறார்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நமக்கு அந்தக் கவலை இல்லை. சுவருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டில் இறக்கி மெசினை அதில் வைத்தால் பில்டர் செலவில் பாதித் தலையிடி குறையும். திசை மட்டும் கவனம், சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்மேற்குப் பக்கம் காற்று வெளியேறும் வாய் வைத்தால் அவ்வளவும் திரும்பப் பட்டறைக்குள்தான். கிணற்றடிப் பக்கமும் அயல்வீட்டு உடுப்புக் கொடிப் பக்கமும் வேண்டாம்.

அயல் நெருக்கம், வழியில்லை என்றால் அந்த 30 மைக்ரோன் பையைக் கட்டாயம் மாற்றுங்கள். அது சீவலைப் பிடிக்கும். நெஞ்சுக்குள் இறங்குகிற, 10 மைக்ரோனுக்கும் குறைந்த தூளை அறை முழுக்க ஊதிவிடும். மரத்தூள் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995 இலேயே முதலாம் பிரிவில் சேர்த்துவிட்டது. முதிரை மரத்துக்குச் சாண்டர் (தேய்க்கிற மெசின்) பிடித்தவர்களைக் கேளுங்கள், தோல் கடிப்பதைச் சொல்வார்கள்.

1 மைக்ரோன் என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்த அளவுத் தூளில் எத்தனை வீதம் பிடிக்கும் என்றும் போட்டிருக்க வேண்டும். ஹெப்பா என்கிற மிக நுண்ணிய பில்டர் தரம் என்றால் 0.3 மைக்ரோனில் 99.97 வீதம். அதைவிட முக்கியம் பரப்பு: நெருக்கமான துணியில் சின்னப் பை போட்டால் காற்று முட்டி இழுவை குறையும், வாளடியிலேயே தூள் பிடிபடாமல் பறக்கும், பிறகு பில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பயன்? மடிப்புக் காட்ரிட்ஜில் அதே உயரத்துக்குள் பல மடங்கு பரப்பு இருக்கிறது. நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஆனால் பிளேனர் (மரம் சீவுகிற மெசின்) சீவலை நேராக அதற்குள் விடக் கூடாது, மடிப்புகளில் இறுகிவிடும். முன்னால் ஒரு சைக்ளோன், அதாவது காற்றைச் சுழற்றிச் சீவலைக் கீழே விழுத்துகிற கூம்பு, வேண்டும், அதன் கீழே தடித்த பீப்பாய். மெல்லிய பிளாஸ்டிக் வாளி இழுவையில் உள்ளே மடிந்துபோகும்.

அப்புறம், காகிதக் காட்ரிட்ஜ் நம் மாரிக்குச் சரிவராது, ஈரம் ஊறித் தூள் பசைபோல ஒட்டும். பொலியெஸ்டர் எடுத்தால் கழுவலாம், நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள். கம்பிரஷரால் ஊதுவதென்றால் வெளிப்பக்கத்திலிருந்து, தள்ளிப் பிடித்து, குறைந்த அழுத்தத்தில். அந்த நேரத்திலும் பை கொட்டும்போதும் என்95 மாஸ்க் போடுங்கள், பிடித்து வைத்த நுண்தூள் எல்லாம் அப்போதுதான் கிளம்பும்.

மோட்டர் எத்தனை குதிரைவலு, பை பூட்டுகிற வளையத்தின் விட்டம் என்ன என்று எழுதுங்கள், எந்த அளவுக் காட்ரிட்ஜ் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.